ஆடியதற்கு 7.3 கோடி, போனதற்கு 6.7 கோடி: ஏ-ராட் விஷயத்தில் டெக்சஸ் சறுக்கிய இடம்

டிசம்பர் வந்தால் அமெரிக்காவில் பேஸ்பால் ஆட மாட்டார்கள், பேச மட்டும் செய்வார்கள். மைதானமெல்லாம் பூட்டிக் கிடக்கும். ஆனால் யாரை எந்த அணி எத்தனை கோடிக்கு வளைக்கப்போகிறது, யாரைக் கொடுத்து யாரை எடுக்கப்போகிறது என்கிற வம்பு மட்டும் சீசன் தொடங்கும்வரை ஓயாது. இதற்கு ‘ஹாட் ஸ்டோவ்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், குளிருக்கு அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிற மாதிரி. 2023இல் ஷோஹெய் ஓட்டானிக்கு டாட்ஜர்ஸ் 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் என்றதும் பெரிய ரகளை நடந்தது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 2024 டிசம்பரில் ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 15 வருஷத்துக்கு 76.5 கோடி கொடுத்து அடுத்த ரகளையைத் தொடங்கிவைத்தது.

இந்தச் சண்டைகளில் ஏதாவது ஒரு கட்டத்தில் யாராவது ஒருவர் பழைய சீட்டு ஒன்றை இறக்குவார். “ஏ-ராட் கதை தெரியும்ல? ஒரே ஆளுக்கு அவ்வளவையும் கொட்டி டெக்சஸ் நடுத்தெருவுக்கு வந்ததே!” அதோடு எதிராளி வாயடைத்துப்போவார். (ஏ-ராட் என்பது ஆட்டக்காரர் அலெக்ஸ் ரோட்ரிகஸின் செல்லப்பெயர், டெக்சஸ் என்பது டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அணி.) நானும் பல வருஷம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஒருநாள் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கணக்கு வேறு மாதிரி வந்தது. அவரை வாங்கியதில் டெக்சஸ் பெரிதாக ஏமாறவில்லை. ஏமாந்தது அவரை அனுப்பிவைத்த விதத்தில்.

2000 டிசம்பர், டல்லஸ்

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தத் தொகைகள் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஐபிஎல் ஏலத்தில் அணிக்கு இவ்வளவுதான் பணப்பை என்று மேலே ஒரு கோடு உண்டு, மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி எதுவும் கிடையாது. பதிலுக்கு ஆட்டக்காரர் ஆறு வருஷ சர்வீஸ் முடியும்வரை தன்னைக் கொண்டுவந்த அணியிடமே மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அது அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டாலும் கேட்க முடியாது. ஆறு வருஷம் முடிந்ததும் ஃப்ரீ ஏஜென்ட், யார் கூப்பிட்டாலும் போகலாம். பெரும்பாலானவர்களுக்கு அந்த நாள் வரும்போது வயது 29, 30 ஆகிவிடும், நல்ல காலத்தில் பாதி போயிருக்கும்.

அலெக்ஸ் ரோட்ரிகஸ் 1994இல் சியாட்டில் மரினர்ஸுக்காக முதல் ஆட்டம் ஆடியபோது அவருக்கு 18 வயது. அதனால் கைவிலங்கு கழன்றபோது வெறும் 25தான். அதற்குள் 1996இல் .358 சராசரியோடு அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கின் இரண்டு பாதிகளில் ஒன்று) பேட்டிங் பட்டம் எடுத்திருந்தார், 1998இல் 42 ஹோம் ரன்னும் (நம்ம சிக்ஸர் மாதிரி) 46 திருட்டு பேஸும் (எதிரணி பந்து வீசும் நேரம் பார்த்து அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) எடுத்திருந்தார். அதுவும் இரண்டாவது, மூன்றாவது பேஸுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கிற ஷார்ட்ஸ்டாப் இடத்தில். அந்த இடத்தில் நிற்பவர் பந்தை ஒழுங்காகத் தடுத்தாலே போதும், மட்டையில் எது வந்தாலும் லாபம் என்று நினைத்த காலம் அப்போதுதான் மாறிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு ஆள், இந்த வயதில், முழு உரிமையோடு சந்தைக்கு வருவது தலைமுறைக்கு ஒருமுறை நடப்பது. அவருடைய ஏஜென்ட் ஸ்காட் போராஸ் சும்மா விடுவாரா? தன் ஆளைப் பற்றி ஒரு தடிப் புத்தகமே அச்சடித்து அணிகளுக்குக் கொடுத்தார்.

மெட்ஸ் ஆரம்பத்திலேயே விலகிக்கொண்டது. 25 பேர் கொண்ட அணியில் 24 பேர் ஒரு பக்கம், இவர் மட்டும் தனியாக இன்னொரு பக்கம் என்றாகிவிடும் என்பது அந்த அணியின் பொது மேலாளர் ஸ்டீவ் பிலிப்ஸ் சொன்ன காரணம். நியூயார்க் ரசிகர்கள் அதை வைத்து இரண்டாகப் பிரிந்துகொண்டு அடித்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் அணி நிர்வாகிகள் கூடிப் பேரம் பேசுகிற குளிர்காலக் கூட்டங்கள் டல்லஸில் நடந்தன. டிசம்பர் 11ஆம் தேதி செய்தி வந்தது: டெக்சஸ் ரேஞ்சர்ஸ், 10 வருஷம், 25.2 கோடி டாலர். அமெரிக்கக் கணக்கில் 252 மில்லியன், இன்றைக்கும் பல ரசிகர்கள் ‘252’ என்று சொன்னாலே போதும், புரிந்துகொள்வார்கள். அதுவரை விளையாட்டு உலகின் மிகப்பெரிய ஒப்பந்தம் கூடைப்பந்தில் மின்னசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் கெவின் கார்னெட்டுக்குக் கொடுத்த 12.6 கோடி. அதை எடுத்து இரண்டால் பெருக்கினால் அச்சுப்பிசகாமல் 25.2 வரும். (கால் நூற்றாண்டு கழித்து அதே டிம்பர்வுல்வ்ஸுக்கு இதே ரோட்ரிகஸ் முதலாளிகளில் ஒருவராகப் போய் உட்கார்ந்தார் என்பது தனிக்கதை.)

இன்னொரு தொகையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேஞ்சர்ஸ் அணியின் முதலாளி டாம் ஹிக்ஸ் 1998இல் அந்த முழு அணியையும் வாங்கிய விலை 25 கோடி. விற்ற கூட்டாளிகளில் ஒருவர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ். அவர் அமெரிக்க அதிபர் ஆவாரா மாட்டாரா என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது டிசம்பர் 12ஆம் தேதி. அதாவது டெக்சஸ்காரர்களுக்கு ஒரே வாரத்தில் பேச இரண்டு விஷயம் கிடைத்தது, அதில் எதை அதிகம் பேசினார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மாட்டுக் கொட்டகையோடு பத்து மாட்டை வாங்கிய விலையைவிட ஒரே ஒரு மாட்டுக்கு அதிகம் கொடுத்தால் ஊர் சிரிக்குமா சிரிக்காதா? சிரித்தது.

ஆனால் 25.2 கோடியை அப்படியே மூட்டையாகப் பார்க்கிறோமே, அங்கேதான் முதல் தப்பு. பிரித்துப் பார்த்தால் 2001 முதல் நாலு வருஷம் வருஷத்துக்கு 2.1 கோடி, அடுத்த இரண்டு வருஷம் 2.5, கடைசி நாலு வருஷம் 2.7, இதோடு கையெழுத்து போட்டதற்கு 1 கோடி. மொத்தத்தில் 3.6 கோடியைப் பிறகு தருகிறோம் என்று தள்ளிவைத்தும் இருந்தார்கள். அப்புறம் 2007 சீசன் முடிந்ததும் வேண்டுமானால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு கிளம்பலாம் என்று ஆட்டக்காரருக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தார்கள். 2009, 2010க்கு இன்னொன்று: பிட்சர் (பந்து வீசுபவர்) அல்லாதவர்களில் மிக அதிகமாக வாங்குபவரைவிட 10 லட்சமாவது கூட, அல்லது தன் சம்பளத்துக்கு மேல் 50 லட்சம் கூட, இதில் எது பெரிதோ அதைத் தராவிட்டால் அவர் போய்விடலாம். கதவெல்லாம் ஒரு பக்கம் மட்டுமே திறக்கிற மாதிரி மாட்டியிருந்தார் போராஸ். ரசிகர்கள் பத்து வருஷம் என்கிற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்கியபோது இந்தக் கதவுகளைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சியாட்டிலில் பறந்த காகிதம்

2001 ஏப்ரல் 16. ரோட்ரிகஸ் டெக்சஸ் சட்டையில் முதல் தடவையாகச் சியாட்டிலுக்குத் திரும்பி வருகிறார். மட்டையைப் பிடித்து நிற்கிறார், மேல் அடுக்குகளிலிருந்து போலி டாலர் நோட்டுகள் மழை மாதிரி இறங்குகின்றன. அரங்கமே ‘பூ’ என்று ஊளையிடுகிறது. அவர்கள் பட்ட வலியும் சும்மா இல்லை. 1998இல் ராண்டி ஜான்சனை டிரேடில் (ஆளுக்கு ஆள் மாற்றுவதில்) விட்டார்கள், 2000 தொடக்கத்தில் கென் கிரிஃபியை விட்டார்கள், அந்த வருஷக் கடைசியில் இவரும் போனார். மூன்று பெரிய ஆளும் மூன்று வருஷத்தில் காலி.

அந்தச் சியாட்டில் அதே 2001இல் 116 ஆட்டம் ஜெயித்தது. 1906இல் சிகாகோ கப்ஸ் வைத்த சாதனையைச் சமன் செய்தது. ஜப்பானிலிருந்து வந்த இச்சிரோ சுசுகி 242 ஹிட் அடித்து முதல் வருஷத்திலேயே எம்விபி (லீகின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஆனார். ஒரு வருஷத்துக்கு வெறும் 32.5 லட்சம் டாலருக்கு வந்த பிரெட் பூன் 37 ஹோம் ரன் அடித்து, 141 ரன்னைக் கொண்டுவந்து சேர்த்தார். பூன் என்கிற குடும்பப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய தம்பி பிறகு வருவார்.

டெக்சஸ் அதே வருஷம் 73 ஜெயித்து தன் பிரிவில் கடைசி இடம். சியாட்டிலுக்கும் அதற்கும் 43 ஆட்டம் இடைவெளி. ‘நட்சத்திரத்தை விட்டவன் ஜெயித்தான், வாங்கியவன் தோற்றான்’ என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள், அந்தத் தீர்ப்பைத்தான் இன்று வரை எல்லாரும் மேற்கோள் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் ரோட்ரிகஸ் என்ன செய்தார்? 2001இல் 52 ஹோம் ரன், 2002இல் 57, 2003இல் 47. மூன்று வருஷத்தில் 156. 2003இல் எம்விபி, அதுவும் கடைசி இடத்தில் முடித்த அணியிலிருந்து. கடைசி இட அணியின் ஆளுக்கு அதற்கு முன் அது கிடைத்தது 1987இல், கப்ஸின் ஆண்ட்ரே டாசனுக்கு. ‘அணி தோற்கும்போது இவர் எப்படி மதிப்புமிக்கவர்?’ என்று அந்த விருதுக்கும் ஒரு சண்டை நடந்தது. ஒன்பது பேர் அடிக்கிற ஆட்டத்தில் ஒருவர் நாலைந்து தடவைதான் மட்டை பிடிக்க முடியும், மற்ற நேரமெல்லாம் பிட்சர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவரும் நம்மைப் போல வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

அந்தப் பிட்சர்கள் செய்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக எத்தனை ரன் விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. 2001இல் டெக்சஸுக்கு அது 5.71. அமெரிக்கன் லீகிலேயே மோசம். 2003இல் 5.67, கிட்டத்தட்ட அதே கதை. மட்டை பிடித்தவர்கள் ஆறு ரன் அடித்துவிட்டுப் பெவிலியனில் உட்கார்ந்தால், ஏழு ரன் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கும். யானையை வாங்கினார்கள், அங்குசத்தை மறந்துவிட்டார்கள்.

இங்கே ரசிகர்களின் பிடித்தமான வாதம் வரும்: ‘அந்தக் காசுக்கு நாலு நல்ல பிட்சரை வாங்கியிருக்கலாமே!’ கேட்க நியாயமாக இருக்கும். சரி, அந்தக் குளிர்காலத்தில் கடையில் யார் யார் இருந்தார்கள் என்று பார்ப்போம். மைக் ஹாம்ப்டனுக்கு கொலராடோ 8 வருஷத்துக்கு 12.1 கோடி கொடுத்தது. டென்வர் பக்கம் பள்ளிக்கூடங்கள் நன்றாக இருக்கின்றன என்று வந்ததாகச் சொன்னார் மனிதர், இரண்டே சீசனில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டார்கள், அதில் இரண்டாவது சீசனில் 7 வெற்றி, 15 தோல்வி. டென்னி நேகிளுக்கு அதே கொலராடோ 5.1 கோடி, அதுவும் போச்சு. டேரன் டிரைஃபோர்ட்டுக்கு டாட்ஜர்ஸ் 5 வருஷத்துக்கு 5.5 கோடி, பெரும்பாலும் காயத்தில் படுத்திருந்தார், ஐந்து வருஷத்திலும் சேர்த்து ஜெயித்தது 9 ஆட்டம். உருப்பட்டது நியூயார்க் யாங்கீஸ் எடுத்த மைக் முசினா மட்டும்தான். அதாவது அந்தக் காசுக்கு நாலு பிட்சர் வாங்கியிருந்தால் மூன்று ஓட்டைப் பானை கிடைத்திருக்கும்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. அடுத்த குளிர்காலத்தில் ரசிகர்கள் கேட்டதை டெக்சஸ் செய்தே காட்டியது. கொரியாவின் சான் ஹோ பார்க்கை 5 வருஷத்துக்கு 6.5 கோடி கொடுத்து எடுத்தார்கள், அவருக்கும் ஏஜென்ட் போராஸ்தான். டெக்சஸில் அவருடைய ஈ.ஆர்.ஏ. 5.79. ஒப்பந்தம் முடியும் முன்பே சான் டியேகோவுக்குத் தள்ளிவிட்டார்கள். ஆட்டத்தின் மட்டத்தில் வைத்துப் பார்த்தால் அந்த அணியின் நிஜமான மோசமான ஒப்பந்தம் அதுதான், ஆனால் அதை வைத்து யாரும் யாரையும் வாயடைக்கவைப்பதில்லை. 6.5 என்பது பயமுறுத்துகிற எண் இல்லையே.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைக் கவனித்தபோதுதான் எனக்கே என் பழைய வாதத்தின் மேல் நம்பிக்கை போனது. ரோட்ரிகஸ் வருவதற்கு முந்தைய வருஷம், 2000இல், டெக்சஸ் ஜெயித்தது 71 ஆட்டம், கடைசி இடம். அவர் இருந்த மூன்று வருஷம் 73, 72, 71. அவரால் தூக்க முடியவில்லை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அவர் வந்து விழுந்தது என்று சொல்லாதீர்கள், அது அவர் வரும்போதே தரையில்தான் கிடந்தது.

ஒரு கறை மட்டும் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு வாதாட முடியாது. 2003இல் நடந்த ஊக்கமருந்துச் சோதனையில் அவர் சிக்கியிருந்தார் என்று 2009 பிப்ரவரியில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை வெளியிட்டது. 2001 முதல் 2003 வரை, அதாவது டெக்சஸில் இருந்த அதே மூன்று வருஷமும், மருந்து எடுத்ததாக அவரே ஒப்புக்கொண்டார். அந்தப் பெரிய ஒப்பந்தத்துக்குத் தகுதியானவன் என்று நிரூபிக்க வேண்டிய அழுத்தம் இருந்தது என்றும் சொன்னார். ஆக 156 ஹோம் ரன்னையும் எப்படி எண்ணுவது என்பது அவரவர் மனசாட்சியைப் பொறுத்தது. 2003இல் டிரேடு பேச உட்கார்ந்தவர்களுக்கு அது எதுவும் தெரியாது என்பதால் இந்த ஆய்வுக்கு நான் அந்த எண்களை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.

விற்ற கதை

2003 கடைசியில் ஹிக்ஸுக்குச் சலித்துப்போனது. ரோட்ரிகஸை எடுத்துக்கொள்ள பாஸ்டன் ரெட் சாக்ஸ் தயார். மேனி ரமிரெஸையும், அப்போது கீழ்மட்ட லீகில் இருந்த ஜான் லெஸ்டர் என்கிற இளம் பிட்சரையும் டெக்சஸுக்குக் கொடுப்பது, தன் சொந்த ஷார்ட்ஸ்டாப் நோமார் கார்சியாபாராவைச் சிகாகோவுக்கு அனுப்பி மேக்லியோ ஆர்டோனியெஸை எடுப்பது, இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக ஒரு திட்டம். பாஸ்டனுக்குப் போக ரோட்ரிகஸ் தன் சம்பளத்தில் சுமார் 2.8 கோடியை விட்டுக்கொடுக்கவும் சம்மதித்தார். ஆட்டக்காரர்கள் சங்கம் குறுக்கே விழுந்தது. ஒருவர் சம்பளத்தைக் குறைத்தால் நாளைக்கு எல்லாரிடமும் அதையே கேட்பார்கள், அதனால் முடியாது என்றது. சங்கத்தின் பக்கம் நின்று பார்த்தால் அது சரிதான், ஆனால் பாஸ்டன் ரசிகர்கள் அன்றைக்குச் சங்கத்தைத் திட்டிய திட்டு இருக்கிறதே!

டிரேடு படுத்துவிட்டது. தள்ளிவிடப் பார்த்த ஆளையே இனி சமாதானப்படுத்தியாக வேண்டும். 2004 ஜனவரியில் டெக்சஸ் அவரை அணித்தலைவர் என்று அறிவித்தது, மேடை, கைகுலுக்கல் எல்லாம் நடந்தது. அது மூன்று வாரம்தான் தாங்கியது.

அதே ஜனவரியில் யாங்கீஸின் மூன்றாவது பேஸ்காரர் ஆரன் பூன், முந்தைய அக்டோபரில் பாஸ்டனை ஒரே அடியில் வீட்டுக்கு அனுப்பிய அதே பூன், சும்மா பொழுதுபோக்குக்குக் கூடைப்பந்து ஆடப் போய் முழங்காலை உடைத்துக்கொண்டார். ஒப்பந்தப்படி கூடைப்பந்து ஆடவே கூடாது. வேறு ஏதாவது கதை சொல்லித் தப்பித்திருக்கலாம், ஆனால் உள்ளதைச் சொன்னார், அதனால் 57.5 லட்சம் சம்பளத்தில் பெரும்பகுதி போனது. சியாட்டிலில் ரோட்ரிகஸ் இல்லாத குறையைத் தீர்த்தவர் அண்ணன், யாங்கீஸில் அவருக்கு இடம் காலிசெய்து கொடுத்தவர் தம்பி. இப்படி ஒரு குடும்பம்.

பிப்ரவரி 16ஆம் தேதி டிரேடு முடிந்தது. யாங்கீஸ் கொடுத்தது அல்ஃபோன்சோ சோரியானோவையும், பிறகு பெயர் சொல்லப்படப்போகும் ஓர் இளைஞரையும். ஒப்பந்தத்தில் மீதி இருந்தது 7 வருஷம், 17.9 கோடி. இதில் யாங்கீஸ் ஏற்றுக்கொண்டது 11.2 கோடிதான். மீதி 6.7 கோடியை டெக்சஸே கட்ட வேண்டும், அவர் நியூயார்க்கில் ஆடுவதற்கு.

இப்போது அந்தப் பேப்பரும் பேனாவும். 25.2 கோடியில் 17.9 போனால் 7.3. மூன்று வருஷம் ஆடியதற்கு, 156 ஹோம் ரன்னுக்கு, ஒரு எம்விபிக்கு டெக்சஸ் கொடுத்தது 7.3 கோடி. அவர் தன் அணியில் ஆடாமல் இருப்பதற்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 6.7 கோடி. இரண்டும் சேர்ந்து 14 கோடி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் வேறென்ன?

சந்தை விலையைவிட அவர் அதிகம் வாங்கினார் என்பதால்தானே காசு சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது, அப்படியானால் மூல ஒப்பந்தமே தப்புதானே என்று கேட்பவர்கள் உண்டு. பாதி நியாயம். ஆனால் வருஷத்துக்கு 1.6 கோடி வீதம் 28 வயது எம்விபி கிடைத்தால் எந்த அணி வேண்டாம் என்று சொல்லும்? யாங்கீஸுக்கு அடித்தது லாட்டரி. 2.5 கோடியாக இருந்தாலும் யாங்கீஸ் யோசித்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. விற்க வேண்டும் என்கிற அவசரம் எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் பேரம் எப்படிப் போகும் என்பது பழைய வண்டியை விற்றவர்களுக்குத் தெரியும். பாஸ்டன் பேரம் உடைந்த கதை ஊருக்கே தெரியும், புது அணித்தலைவர் மனம் உடைந்து நிற்கிறார் என்பதும் தெரியும்.

பெயர் சொல்லப்படாத அந்த இளைஞருக்கு வருகிறேன், ஏனென்றால் காசு மட்டுமா போனது. யாங்கீஸ் கொடுத்த பட்டியலிலிருந்து டெக்சஸ் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியலில் ராபின்சன் கனோ இருந்தார். டெக்சஸ் ஹொவாக்கின் அரியாஸை எடுத்தது. கனோ யாங்கீஸில் வருஷக்கணக்காக இரண்டாவது பேஸைத் தன் பெயரில் எழுதி வைத்துக்கொண்டார். சோரியானோ இரண்டு வருஷம் டெக்சஸில் நன்றாகவே ஆடினார், பிறகு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள், பதிலுக்கு வந்த பிராட் வில்கர்சன் உள்ளிட்டவர்கள் எங்கே போனார்கள் என்று டெக்சஸ் ரசிகர்களைக் கேட்டால் ஒரு பெருமூச்சுதான் வரும்.

ரோட்ரிகஸ் போன பிறகு 2004இல் டெக்சஸ் 89 ஆட்டம் ஜெயித்தது. ‘பார்த்தாயா, ஆள் போனதும் அணி எழுந்துவிட்டது’ என்று அடுத்த தலைமுறை வாதம் அங்கேதான் பிறந்தது. அந்த வருஷம் கென்னி ராஜர்ஸ் 18 ஜெயித்தார், கடைசி இன்னிங்ஸைக் காத்த பிரான்சிஸ்கோ கோர்டெரோ 49 ஆட்டத்தைப் பூட்டினார். பிட்சர்கள் ஒரு வருஷம் ஒழுங்காக வீசினார்கள், அவ்வளவுதான் விஷயம். அடுத்த மூன்று வருஷம் 79, 80, 75.

நியூயார்க்கில் ரோட்ரிகஸ் 2005லும் 2007லும் எம்விபி. 2007 அக்டோபர் 28ஆம் தேதி, பாஸ்டன் வேர்ல்ட் சீரீஸின் (கோப்பைக்கான கடைசிச் சுற்று) நாலாவது ஆட்டத்தை ஆடிக்கொண்டிருக்கும்போதே, அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்கிறார் என்று செய்தி விட்டார்கள். கோப்பையைப் பார்க்க உட்கார்ந்த நாடே இவரைப் பற்றிப் பேசியது, எல்லாரும் திட்டினார்கள். அன்றிரவு பாஸ்டனுக்காகப் பந்து வீசி ஜெயித்த பிட்சர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஜான் லெஸ்டர். சங்கம் குறுக்கே விழாமல் இருந்திருந்தால் டெக்சஸ் சட்டையில் இருந்திருக்க வேண்டிய அதே ஆள், நடுவில் புற்றுநோயையும் ஜெயித்துவிட்டு வந்தவர்.

ஊர் திட்டிய அந்த முறிப்பில் குஷியான ஒரே ஆள் ஹிக்ஸாகத்தான் இருக்க வேண்டும். பழைய ஒப்பந்தம் செத்ததால், 2008 முதல் 2010 வரை டெக்சஸ் கட்ட வேண்டியிருந்த 2.13 கோடி மிச்சமானது. யாங்கீஸ் அவருக்கே மறுபடியும் 10 வருஷத்துக்கு 27.5 கோடி என்று எழுதிக் கொடுத்தது. பத்து வருஷ ஒப்பந்தம் ஏன் ஆபத்து என்று யாராவது வாதாட வேண்டுமானால் இந்த இரண்டாவது ஒப்பந்தத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். 32 வயதில் தொடங்கியது, நடுவில் ஊக்கமருந்து விவகாரத்தில் 2014 முழுக்கத் தடை, 2016 ஆகஸ்டில் 696 ஹோம் ரன்னோடு வீட்டுக்கு. ஆனால் யாங்கீஸ் 2009இல் கோப்பை தூக்கிவிட்டது, அதனால் யாரும் அந்த எண்ணை வைத்துப் பயமுறுத்துவதில்லை.

கடன்காரர் பட்டியல்

டெக்சஸ் நடுத்தெருவுக்கு வந்தது நிஜம்தான். 2009இல் ஹிக்ஸின் நிறுவனம் 52.5 கோடி டாலர் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் நின்றது. 2010 மே மாதம் ரேஞ்சர்ஸ் திவால் மனு போட்டது. ஈடு இல்லாத கடன்காரர்கள் பட்டியலில் முதல் பெயர் அலெக்ஸ் ரோட்ரிகஸ், தள்ளிவைத்த சம்பள பாக்கி சுமார் 2.49 கோடி. அந்தப் பட்டியலைப் பார்த்ததும் ‘பார், அவரால்தான் திவால்’ என்று சொன்னவர்கள் 52.5ஐயும் 2.49ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. ஹிக்ஸ் ஐஸ் ஹாக்கி அணி வைத்திருந்தார், கூட்டாளியோடு சேர்ந்து லிவர்பூல் கால்பந்து அணியையும் கடனில் வாங்கியிருந்தார். ஒரு ஷார்ட்ஸ்டாப்பால் விழுகிற கடையா அது?

ஆகஸ்டில் அணி ஏலத்துக்கு வந்தது. பழைய பிட்சர் நோலன் ரயனும் சக் கிரீன்பெர்க்கும் சேர்ந்த குழு சுமார் 59.3 கோடிக்கு எடுத்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன் 25 கோடிக்கு வாங்கிய கடை. அக்டோபர் 15ஆம் தேதி லிவர்பூலும் ஹிக்ஸ் கையைவிட்டுப் போனது. வாங்கியவர்கள் வேறு யாருமில்லை, பாஸ்டன் ரெட் சாக்ஸின் முதலாளிகள்.

சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 22, ஆர்லிங்டன். அமெரிக்கன் லீக் இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம், டெக்சஸும் யாங்கீஸும். டெக்சஸ் 6-1 என்று முன்னால் நிற்கிறது. இதில் ஜெயித்தால் அணியின் வரலாற்றிலேயே முதல் வேர்ல்ட் சீரீஸ். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், பிட்சர் நெஃப்டாலி ஃபெலிஸ், வயது 22. டெக்சஸ் அணியில் ஜெஃப் ஃப்ராங்கூர் என்றொருவர் இருக்கிறார். இரண்டு மாதத்துக்கு முன் மெட்ஸிலிருந்து வந்தவர், அவருக்குப் பதிலாக டெக்சஸ் அங்கே அனுப்பியது அரியாஸை. 252இலிருந்து அந்த அணிக்குக் கடைசியாக மிஞ்சியது இந்த ஃப்ராங்கூர்தான்.

மட்டையோடு வந்து நிற்பது ரோட்ரிகஸ். அரங்கம் முழுக்க எழுந்து நிற்கிறது, ‘பூ’ சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. இரண்டு ஸ்டிரைக் ஆகிவிட்டது, இன்னொன்று ஆனால் அவுட். மூன்றாவதாக வேகப்பந்து வரும் என்று அவர் காத்திருக்க, ஃபெலிஸ் வளைத்துப் போடுகிறார். மட்டை தோளைவிட்டு இறங்கவே இல்லை. நடுவர் கையை உயர்த்துகிறார், அவரைத் தாண்டி எல்லாரும் ஃபெலிஸை நோக்கி ஓடுகிறார்கள், அந்த வருஷக் கடன்காரர் பட்டியலின் முதல் பெயர்க்காரர் தலையைக் குனிந்துகொண்டு மட்டையோடு பெஞ்சை நோக்கி நடக்கிறார்.